ஞாயிற்றுக்கிழமை ஓயாத ஈக்கள்: உறக்க–விழிப்புச் சுழற்சியின் மரபணு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

பீரியட் என்னும் மரபணு செயலிழந்த பழ ஈக்கு, முழு இருட்டில் வைத்தால், உறக்கத்திலும் விழிப்பிலும் ஒரு நாள் கணக்கிலான தாளம் இருக்கக் கூடாது. 1971-ஆம் ஆண்டு முதல் பல நாடுகளின் ஆய்வகங்களில் மீண்டும் மீண்டும் சரிபார்க்கப்பட்ட முடிவு அது. நாகர்கோவிலை அடுத்துள்ள ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில், முதுநிலை மாணவர்களின் திட்டப்பணிக்காக எடுக்கப்பட்ட பதிவில், அதே வகை ஈக்கள் இருட்டிலும் 24 மணி நேரத் தாளத்தோடு நடமாடியதாகத் தெரிந்தது. அந்தப் பதிவு ஏன் அப்படி வந்தது, அதன் காரணத்தை மாணவர்கள் எந்த வழியில் கண்டுபிடித்தார்கள், மரபணுவின் தாக்கம் என்று ஒன்றைச் சொல்வதற்கு முன் எதையெல்லாம் விலக்கியாக வேண்டும் என்பவற்றை, அப்பணிக்கு வழிகாட்டியவன் என்ற முறையில் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்த மாணவி குலசேகரம் பக்கத்திலிருந்து வருபவர். அவருடைய தகப்பனார் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. விடியலுக்கு முந்தைய குளிர்ச்சியில் மரப்பட்டையின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பால் ஒழுகுவது குறையும். ஆகவே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பின்னிரவிலேயே வெட்டப் போவது இம்மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் வழக்கம். தாத்தாவும் இரண்டு மணிக்கு விழித்தார், அப்பாவும் இரண்டு மணிக்கு விழிக்கிறார், விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் அண்ணனும் கருக்கலிலேயே எழுந்துவிடுகிறார். இது ரத்தத்தில் வருவதா, வேலையில் வருவதா என்பதே அந்த மாணவி கொண்டுவந்த கேள்வி. நல்ல கேள்வி என்றே கருதினேன். அதற்கு மனிதரிடத்தில் நேராக விடை தேடுமுன், விடை தேடும் முறையை ஈயிடம் கற்றுக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தோம்.

முன்னறிந்தவை

கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சீமோர் பென்சரின் ஆய்வகத்தில் மாணவராக இருந்த ரொனால்டு கொனோப்கா, வேதிப்பொருளால் மரபணு மாற்றம் தூண்டப்பட்ட பழ ஈக்களின் வழித்தோன்றல்களைக் கிளை கிளையாகப் பிரித்து, அவை கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் நேரத்தைக் கவனித்தார். இயல்பான ஈக்கள் பெரும்பாலும் விடியலை ஒட்டி வெளிவரும். அவருக்குக் கிடைத்தவற்றில் மூன்று கிளைகள் மாறுபட்டு நின்றன: ஒன்றுக்குத் தாளமே இல்லை, ஒன்றின் நாள் ஏறத்தாழ 19 மணி நேரம், மற்றொன்றின் நாள் ஏறத்தாழ 28 மணி நேரம். மூன்று மாற்றங்களும் எக்ஸ் குரோமோசோமில் ஒரே இடத்தில் அமைந்திருந்தன. வெளிவரும் நேரத்தில் மட்டுமல்லாமல், வளர்ந்த ஈயின் அன்றாட நடமாட்டத்திலும் அதே வேறுபாடு தெரிந்தது. ஒரு மரபணுவில் நேரும் மாற்றம் ஓர் உயிரின் நடத்தையை மணிக்கணக்கில் நகர்த்தும் என்பதை அந்த 1971-ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. பிற்காலத்தில் இத்துறைக்கு நோபல் பரிசு கிடைத்தபோது கொனோப்காவும் பென்சரும் உயிரோடு இல்லை.

1984-இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி ஹாலும் மைக்கேல் ராஸ்பாஷும், ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் யங்கும் அம்மரபணுவைப் பிரித்தெடுத்தனர். 2017-இல் மருத்துவ நோபல் பரிசு அம்மூவருக்கும் வழங்கப்பட்டது. இன்று நமக்குத் தெரிந்த இயக்கம் இது: கிளாக், சைக்கிள் என்னும் இரு புரதங்கள் சேர்ந்து பீரியட், டைம்லெஸ் ஆகிய மரபணுக்களைப் படியெடுக்கத் தூண்டுகின்றன; அவற்றிலிருந்து உருவாகும் புரதங்கள் அந்தியிலிருந்து மெல்லச் சேர்ந்து, இரவில் செல்லின் உட்கருவுக்குள் புகுந்து, தங்களை உண்டாக்கிய தூண்டுதலையே தடுத்துவிடுகின்றன; பிறகு அவை சிதைய, தடை நீங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. டபுள்டைம் என்னும் நொதி பீரியட் புரதத்தில் பாஸ்பேட்டுகளைச் சேர்த்து அதன் சிதைவை விரைவுபடுத்துகிறது. இந்தச் சேர்க்கைக்கும் சிதைவுக்கும் ஆகும் காலமே ஏறத்தாழ ஒரு நாள். வெளிச்சம் பட்டால் கிரிப்டோகுரோம் என்னும் புரதத்தின் வழியாக டைம்லெஸ் அழிகிறது. அதனால்தான் விடியல் இந்தக் கடிகாரத்தை நாள்தோறும் திருத்தி வைக்க முடிகிறது. ஈயின் மூளையில் ஏறத்தாழ 150 நரம்புச் செல்களில் இந்தச் சுழற்சி நடக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இத்துறை புதிதன்று என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லியிருந்தேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் உயிர்க்கடிகார ஆய்வை ஊன்றி வளர்த்தார். குகை இருட்டில் வாழும் வௌவால்களின் தாளத்தை அவருடைய குழுவினர் ஆராய்ந்தனர். பின்னர் அவர் பெங்களூருவுக்குச் சென்றபின், அவரும் வி. ஷீபாவும் விஜய்குமார் சர்மாவும் அங்கே நடத்திய ஆய்வில், 600 தலைமுறைகளாக மாறாத சூழலில் வளர்க்கப்பட்ட பழ ஈக்களும் தாளத்தை இழக்கவில்லை என்று 1999-இல் வெளியிட்டனர். வெளியே இரவு பகல் இல்லாமற்போனாலும் உள்ளே கடிகாரம் இருக்கிறது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.

ஏற்பாடு

மூன்று வகை ஈக்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன: இயல்பானவை, 19 மணி நேரக் குறுநாள் வகை, பீரியட் செயலிழந்த வகை. மாற்றமடைந்த இரு வகைகளும் பெங்களூருவிலுள்ள ஓர் ஆய்வகத்திலிருந்து கிடைத்தன. வாசலில் தொங்கும் மட்டி வாழைக்குலையில் மொய்க்கும் ஈக்களையே பிடித்து வைத்தால் போதாதா என்று வகுப்பில் கேட்டார்கள். போதாது; பழுத்த மட்டியிலும் அயினிச் சக்கையிலும் வந்து அமர்பவற்றில் டிரோசோபிலா என்னும் பழ ஈப் பேரினத்தின் பல சிற்றினங்கள் கலந்திருக்கும், அவற்றின் மரபு வரலாறும் நமக்குத் தெரியாது.

உணவு துறையிலேயே காய்ச்சப்பட்டது. ரவை, கருப்பட்டி, அகர் ஆகியவற்றை வெந்நீரில் கட்டி தட்டாமல் கிளறி, இறக்கும் தறுவாயில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் புரோப்பியோனிக் அமிலம் சேர்த்து, புட்டிகளில் ஊற்றி, ஆறிய பின் ஈஸ்ட் தூவிப் பஞ்சால் அடைப்பார்கள். இரு பருவமழையும் பெறும் இம்மாவட்டத்தின் ஈரக்காற்றில் அந்த அமிலம் சற்றுக் குறைந்தாலும் புட்டி முழுவதும் வெண்பூஞ்சை படர்ந்துவிடும். 25 டிகிரியில் முட்டையிலிருந்து ஈயாக ஏறத்தாழப் பத்து நாட்கள்.

பதிவுக்கருவி கடனாகப் பெற்றது. விரல் நீளக் கண்ணாடிக் குழாய்கள் 32 அதில் வரிசையாக அமர்ந்திருக்கும். ஒவ்வொரு குழாயிலும் ஒரு முனையில் உணவு, மறுமுனையில் பஞ்சு, நடுவே ஓர் ஆண் ஈ. குழாயின் குறுக்கே செல்லும் அகச்சிவப்புக் கதிரை ஈ கடக்கும் ஒவ்வொரு முறையும் கணினியில் ஓர் எண் ஏறும். அகச்சிவப்பு ஈயின் கண்ணுக்குத் தெரியாது. தொடர்ந்து ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ அசையாமலிருந்தால் ஈ உறங்குவதாகக் கொள்வது 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுகளுக்குப் பின் நிலைபெற்ற அளவுகோல். அசையாதிருப்பதெல்லாம் உறக்கமா என்ற ஐயத்துக்கு அவ்வாய்வுகளே விடை தந்தன: அந்த நிலையிலுள்ள ஈயை எழுப்ப வலுவான அதிர்வு வேண்டும், இரவில் உறங்கவிடாமல் தடுத்தால் மறுநாள் அது ஈடுகட்டி உறங்கும், காபியிலுள்ள கபீன் கொடுத்தால் விழித்திருக்கும்.

கருவியை 25 டிகிரியில் நிறுத்திய இன்குபேட்டரில் வைத்து, முதல் சில நாட்கள் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை உள்விளக்கை எரியவிட்டு, பிறகு விளக்கை முற்றாக அணைத்து இருட்டில் தொடர்ந்து பதிவுசெய்வது திட்டம். வெப்பநிலையை நிலையாக வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கடிகாரத்தின் கால அளவு வெப்பத்தால் பெரிதாக மாறுவதில்லை என்றாலும், ஈ எந்த நேரத்தில் நடமாடுகிறது என்பது மாறும். வெப்பம் கூடினால் நண்பகல் உறக்கம் நீண்டு, மாலை நடமாட்டம் இரவுக்குள் தள்ளிப்போகும்; பீரியட் மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் தூது ஆர்.என்.ஏ. குளிரிலும் வெப்பத்திலும் வெவ்வேறு அளவில் வெட்டி ஒட்டப்படுவது இதற்கு ஒரு காரணம் என்று 1999-இல் கண்டறிந்தார்கள்.

பதிவில் வந்தது

நாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வரையும் வரைபடத்தில், இயல்பான ஈக்களின் நடமாட்டம் இருட்டிலும் செங்குத்தான பட்டையாக, நாள்தோறும் ஒரே நேரத்தில் இறங்கியது. குறுநாள் ஈக்களின் பட்டை நாளுக்கு ஐந்து மணி நேரம் முன்னோக்கிச் சாய வேண்டியது. அது சில நாட்கள் சாய்ந்தும், சில நாட்கள் நின்றும், குழம்பிக் கிடந்தது. பீரியட் செயலிழந்த ஈக்களிடமோ பகலில் அடக்கமும் இரவில் நடமாட்டமும் தெளிவாகத் தெரிந்தன.

இத்தகைய நிலையில் துறைகளில் வழக்கமாக எழும் முதல் யோசனை, தவறான ஈக்களை அனுப்பிவிட்டார்கள் என்பது. இரண்டாவது யோசனை, பொருந்தாத வகையைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மற்ற இரண்டை வைத்து அறிக்கையை முடித்துவிடலாம் என்பது. இரண்டாவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கடிகாரம் இல்லாத ஈ அங்கே வைக்கப்படுவதே சூழலைச் சோதிப்பதற்காகத்தான். தனக்குள் தாளம் இல்லாத உயிர் தாளத்தோடு நடந்தால், அந்தத் தாளம் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். இயல்பான ஈயை மட்டும் வைத்திருந்தால் அந்த நேரான பட்டையைப் பார்த்து எல்லாரும் மகிழ்ந்திருப்பார்கள். உண்மையில் அந்த நேர்த்தியே ஐயத்துக்குரியது: இருட்டில் தன்போக்கில் விடப்பட்ட ஈயின் நாள் 24 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருப்பதே இயல்பு, ஆகவே பட்டை சிறிதேனும் சாய்ந்தாக வேண்டும்.

வரைபடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த குலசேகரத்து மாணவிதான் அடுத்த அடியை எடுத்து வைத்தார். கடிகாரமற்ற ஈக்களின் அடக்கம் காலை 9 மணியை ஒட்டித் தொடங்கி மாலை 5 மணியை ஒட்டி முடிந்தது. ஒரு நாள் மட்டும் அந்த அடக்கமே இல்லாமல், ஈக்கள் பகல் முழுவதும் இரவைப் போலவே திரிந்திருந்தன. தேதியைப் பார்த்தால் அது ஞாயிற்றுக்கிழமை.

“ஈக்கு ஞாயிற்றுக்கிழமை எப்பிடி சார் தெரியும்?” என்று கேட்டார்.

ஈக்குத் தெரியாது, கட்டடத்துக்குத் தெரியும். 9 மணியும் 5 மணியும் கல்லூரியின் வேலை நேரம். வார நாட்களில் மாலை ஐந்து மணிக்கு ஆய்வகத்தைப் பூட்டும் உதவியாளர், தீவிபத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று அறிவுறுத்தப்பட்டபடி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார். காலையில் வந்து போடுவார். சனிக்கிழமை மாலை அணைத்தால் திங்கட்கிழமை காலைதான். பதிவுக்கருவியும் கணினியும் கண்காணிப்புக் கேமராக்களுக்கான, எப்போதும் மின்சாரம் இருக்கும் தனி இணைப்பில் இருந்ததால் பதிவு ஒரு நிமிடமும் அறுபடவில்லை. அதிக மின்சாரம் இழுக்கும் இன்குபேட்டரோ ஆய்வக இணைப்பில் இருந்தது. இரவில் குளிரூட்டல் நின்று, உள்ளே வெப்பம் அறையின் வெப்பத்தை நோக்கி ஏறியது. காலையில் யார் வந்து பார்த்தாலும் முகப்பில் 25 என்றே காட்டியது. உச்ச–நீச வெப்பமானி ஒன்றை உள்ளே ஓரிரவு வைத்துப் பார்த்தபோது பாதரசம் 28-ஐத் தாண்டியிருந்தது. தொடக்க நாட்களில் 6 மணிக்கு எரிய வேண்டிய விளக்கும் 9 மணிக்கே எரிந்து, 5 மணிக்கே அணைந்திருக்கிறது. உதவியாளர் தம் கடமையைச் சரியாகச் செய்தவர். அவரிடம் இன்குபேட்டர் இரவிலும் ஓட வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டு மூன்று டிகிரி வெப்ப ஏற்ற இறக்கம் நாள்தோறும் ஒரே நேரத்தில் வந்தால், இருட்டிலுள்ள ஈயின் கடிகாரத்தை ஒழுங்குபடுத்த அதுவே போதும். கடிகாரம் இல்லாத ஈயும் வெப்பம் ஏறும்போது திரியும், தணியும்போது அடங்கும். வரைபடத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. அன்று வெப்பக் குறிப்பு வரவில்லை. இயல்பான ஈக்களின் பட்டை முந்தைய நாட்களின் நேரத்திலேயே வந்தது, கடிகாரமற்ற ஈக்களின் தாளம் கலைந்துபோனது. முன்னவை நேரத்தை உள்ளே வைத்திருந்தன. பின்னவை வெளியிலிருந்து வந்ததற்கு எதிர்வினை மட்டும் காட்டின. மரபணு செய்யும் வேலை எது என்பதை, திட்டமிட்ட சோதனையைவிட அந்த ஒரு நாள் தெளிவாகக் காட்டிவிட்டது என்பது என் கருத்து.

மீள்பதிவு

இன்குபேட்டருக்கும் தடையற்ற இணைப்பு பெறப்பட்டது. சுவிட்சின் மேல் ‘அணைக்க வேண்டாம்’ என்று எழுதி ஒட்டப்பட்டது. வெப்பமானி உள்ளேயே இருந்தது. இம்முறை இயல்பான ஈக்களின் பட்டை மெல்லச் சாய்ந்தது. குறுநாள் ஈக்களின் பட்டை நாளுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் முன்னேறி, ஐந்து நாளில் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று வந்தது. கடிகாரமற்ற ஈக்களின் வரைபடத்தில் பட்டை என்று சொல்ல எதுவும் இல்லை. மணல் தூவினாற்போலப் புள்ளிகள் பரவிக் கிடந்தன.

அந்தப் புள்ளிகளுக்கு இடையிலான ஐந்து நிமிட இடைவெளிகளைக் கூட்டிப் பார்த்தபோது, கடிகாரமற்ற ஈக்கள் உறங்காமலில்லை. உறக்கம் துண்டு துண்டாக நாள் முழுவதும் சிதறியிருந்ததே தவிர, மொத்த அளவில் பெரிய குறைவில்லை. எப்போது உறங்குவது என்பதும் எவ்வளவு உறங்குவது என்பதும் வெவ்வேறு மரபணுக்களின் ஆளுகைக்கு உட்பட்டவை என்பது இதனால் விளங்கும். ஷேக்கர் என்னும் மரபணுவில் மாற்றமடைந்த ஒரு வகை ஈ, இயல்பான ஈயின் உறக்கத்தில் மூன்றில் ஒரு பங்கே உறங்குகிறது என்று 2005-இல் கண்டறியப்பட்டது. பொட்டாசியம் அயனிகளை நரம்புச் செல்லிலிருந்து வெளியேவிடும் வாயிலை அம்மரபணு ஆக்குகிறது. அதற்குக் கடிகாரத்தோடு நேரடித் தொடர்பில்லை.

பிறகு கலப்பு. பீரியட் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஆண் குஞ்சுகள் தாயிடமிருந்து மட்டுமே அதைப் பெறும். குறுநாள் தாய்க்கும் இயல்பான தந்தைக்கும் பிறக்கும் மகன்கள் 19 மணி நேர நாளோடும், தாய் தந்தையரை மாற்றி அமைத்தால் மகன்கள் இயல்பான நாளோடும், இரு கலப்பிலும் மகள்கள் இடைப்பட்ட அளவோடும் இருக்க வேண்டும். மாணவர்கள் இதைப் பதிவுக்கு முன்பே எழுதிக் கையொப்பமிட்டு வைத்தார்கள். பதிவு அவ்வாறே வந்தது.

வெட்டு நிற்கும் மாதம்

மனிதரிலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. மாலை ஏழரை மணியளவில் உறக்கம் தட்டி, பின்னிரவு நாலரை மணியளவில் தானே விழிப்பு வந்துவிடும் இயல்பு சில குடும்பங்களில் தலைமுறைதோறும் வருவதை 1999-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் விவரித்தனர். 2001-இல் அத்தகைய ஒரு குடும்பத்தில், பீரியட்டின் மனித வடிவங்களில் ஒன்றான பெர்2 மரபணு ஆக்கும் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பது கண்டறியப்பட்டது. 662-ஆம் இடத்தில் செரின் இருக்க வேண்டிய இடத்தில் கிளைசின் இருந்தது. பாஸ்பேட் சேர வேண்டிய இடம் அது. ஈயின் டபுள்டைமுக்கு உறவான நொதிதான் மனிதரிலும் அவ்வேலையைச் செய்கிறது.

பால்வெட்டுக் குடும்பத்தின் விழிப்பு அந்த வகையா? மாணவி முதலில் கேட்டறிந்தது மழை பெய்து வெட்டு இல்லாத ஒரு நாளைப் பற்றி. அன்றும் தகப்பனார் இரண்டு மணிக்கு விழித்து, மழைச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பப் படுத்திருக்கிறார். அப்படியானால் பிறவிக்குணம்தானே என்று மற்ற மாணவர்கள் சொன்னார்கள். இவர் ஒப்பவில்லை. இயல்பான ஈயும் ஞாயிற்றுக்கிழமை அன்று முந்தைய நாட்களின் நேரத்தையே காட்டியது. அதைக் கொண்டு அதன் பிறவி நேரம் அதுதான் என்று சொல்ல முடியாது என்றார். வேலை ஒழுங்குபடுத்திய கடிகாரம், வேலை நின்ற முதல் நாளில் பழைய நேரத்தைத்தான் காட்டும்.

ஆகவே ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும் காலம் வரை காத்திருந்தார். அப்போது வெட்டு வாரக்கணக்கில் நிற்கும். படுக்கும் நேரம், தானாக விழிக்கும் நேரம், வேறு யாராவது எழுப்பினார்களா என்னும் மூன்று விவரங்களை, வீட்டாரிடமும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களிடமும் ஒப்புதல் பெற்று, வெட்டு உள்ள நாள், வெட்டு நின்ற முதல் வாரம், பிந்தைய வாரங்கள் என்று தனித்தனியே குறித்துக்கொண்டார். தகப்பனாரின் விழிப்பு நாளடைவில் பின்னுக்கு நகர்ந்து, பால்வெட்டுக்குப் போகாத பக்கத்து வீட்டாரின் நேரத்தோடு சேர்ந்தது. அண்ணன் கருக்கலில் எழுவது, அந்நேரத்தில் அடுப்படியில் அம்மா கட்டன்சாயா போடும் சத்தத்தால் என்று தெரிந்தது. அம்மா அப்பாவுக்காக எழுந்தவர். வேலை நின்று பல வாரங்கள் ஆன பிறகும் மாலை ஏழரைக்கே உறங்கி நாலரைக்கு விழிப்பவர், அவருடைய உடன்பிறந்தாரிலும் பிள்ளைகளிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் அவ்வாறே இருப்பவர் என்று யாராவது தென்பட்டால் மட்டுமே மரபணுவைப் பற்றிப் பேச இடம் உண்டு என்று தம் அறிக்கையில் எழுதினார். அவர் குறித்த பட்டியலில் அப்படி ஒருவரும் இல்லை.